ஆவாரை வளர்ப்பு: விதையை உரசுவது முதல் கவாத்து வரை

கண்மாய்க் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் ஒருவரும் தண்ணீர் காட்டாமல் செழித்து நிற்கிற ஆவாரை, வீட்டுக்குக் கொண்டுவந்து சீராட்டினால் சில மாதங்களில் பட்டுப்போகிறது. பெரும்பாலும் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதுதான் காரணம். விதையின் தோலைத் திறக்காமல் விதைக்கிறார்கள். ஆணிவேர் இறங்கிய பிறகு இடம் மாற்றுகிறார்கள். மழை முடிந்த பிறகு நடுகிறார்கள். செடி பிடித்துக்கொண்ட பிறகும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த நான்கையும் திருத்திக்கொண்டால் மீதி வேலை மிகக் குறைவு.

இங்கே சொல்லும் மாதக் கணக்கு வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளி ஊர்களுக்கானது. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் தென்காசி, பொள்ளாச்சிப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் மூன்று மாதம் முன்னே தள்ளி, சித்திரையில் விதைத்து ஆனியில் நடலாம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் மலைகளில் இந்தச் செடியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

1. செடி ஆவாரைதானா என்று பாருங்கள்

மஞ்சள் பூ பூக்கும் செடியையெல்லாம் ஆவாரை என்று நம்பி விதை எடுத்து வருபவர்கள் நிறைய. அதனால் விதை எடுக்கும் தாய்ச்செடியைப் பூத்திருக்கும் காலத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உறுதியான அடையாளம் பூவில் இல்லை, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே காது மடல் போன்ற அகலமான இலையடிச் செதில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இலையிலும் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். அவற்றின் நுனி மழுங்கியிருக்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம்போல் மெல்லியதாக, விரல் நீளத்தில் இருக்கும்.

சிற்றிலை மூன்றே ஜோடி, காய் மெலிந்து நீண்டு வளைந்திருந்தால் அது தகரை. நான்கைந்து ஜோடி, நுனி கூர்மை, கசக்கினால் துர்நாற்றம் என்றால் பொன்னாவாரை. சாலையோரம் மரமாக வளர்ந்து மஞ்சளாய்ப் பூப்பது மஞ்சள் கொன்றை. நிலவாகையைத்தான் முக்கியமாகப் பிரித்தறிய வேண்டும். அதன் இலை கடுமையாகப் பேதியாக்கும். பூவைப் பறித்துக் குடிநீர் போடும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்தப் படியில் அவசரம் ஆகாது.

2. இடத்தை முதலில் தீர்மானியுங்கள்

விதை வாங்குவதற்கு முன்பே இடம் முடிவாகிவிட வேண்டும். இந்தச் செடியை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துப் பிறகு மாற்றலாம் என்பது நடக்காது.

நாள் முழுவதும் வெயில் படும் இடமாகப் பாருங்கள். குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் இல்லையென்றால் தண்டு ஒல்லியாக நீளும், பூ குறையும், இலையில் சாம்பல் நோய் வெள்ளையாய்ப் படியும். வேப்பமரத்தடியிலும் வீட்டின் வடக்குச் சுவரோரத்திலும் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் கிடையாது.

மண் எதுவானாலும் சமாளித்துக்கொள்ளும். சரளை, செம்மண், சுண்ணாம்புப் பாறை கலந்த மண், ஓரளவு உவர் மண் எல்லாம் சரி. தண்ணீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. சோதித்துப் பார்க்க, ஒரு முழம் ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடக் கூடாது. கரிசல் மண்ணில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அங்கே ஒன்றரை அடி உயரத்துக்கு மண் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள்.

குளியலறைத் தண்ணீர் வெளியேறும் வழி, துளசி மாடத்தின் பக்கம், புல்வெளியில் தெளிப்பு நீர் விழும் வட்டம் ஆகியவற்றையும் விலக்குங்கள். மற்ற செடிகளுக்கு ஊற்றும் தண்ணீரே இதைக் கொன்றுவிடும்.

3. விதை எடுப்பது

மாசியிலிருந்து வைகாசி வரை காய்ந்த காய்கள் செடியிலேயே தொங்கும். பச்சை மாறிப் பழுப்பு நிறமாகி, ஆட்டினால் சலசலக்கும் காயை மட்டும் பறியுங்கள். பச்சைக் காயைப் பறித்துக் காய வைத்தால் விதை சுருங்கிவிடும்.

ஒரு காயில் 12 முதல் 20 விதைகள் வரை கிடைக்கும். ஆனால் அத்தனையும் தேறாது. காயின் மேல் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டை இருந்தால், உள்ளே வளர்ந்த சிறு வண்டு விதையைத் தின்றுவிட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். ஓட்டை இல்லாத காய்களையே எடுத்தாலும், விதைகளைத் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றைக் கழித்துவிடுங்கள். மூழ்கியவற்றை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் போட்டு வைக்கலாம். தோல் கெட்டியான விதை என்பதால் அடுத்த ஆண்டு விதைப்புக்கும் தாங்கும்.

சாலையோரச் செடியைப் பிடுங்கி வந்து நடும் யோசனை எல்லோருக்கும் வரும். கைவிடுங்கள். இரண்டடி உயரச் செடிக்கு அதைவிட ஆழமாக ஆணிவேர் போயிருக்கும். மண்வெட்டி எட்டும் ஆழத்தில் வேர் அறுபடும், மேலே இருக்கும் இலைகள் ஒரு வாரம் நடித்துவிட்டுக் கருகும். கிளையை ஒடித்துப் போத்தாக ஊன்றுவதும் அநேகமாக வீண்தான்.

4. விதையின் தோலைத் திறப்பது

வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஆவாரை விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் அது நல்ல உத்தி. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்த வறட்சியில் எல்லாம் சாகாமல் இருக்க, சில இந்த ஆண்டும் சில இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் முளைக்கின்றன. தோட்டத்தில் அதற்கெல்லாம் காத்திருக்க முடியாது.

நாற்றங்கால்களில் அமிலத்தில் ஊறவைப்பார்கள். வீட்டில் அது வேண்டாம், ஆபத்தானது. பத்து இருபது விதைக்கு உப்புத்தாளே போதும். விதையின் ஒரு முனையில், தாய்க்காயோடு ஒட்டியிருந்த சிறு தழும்பு தெரியும். அந்த முனையைத் தொடாதீர்கள், முளை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எதிர் முனையை உப்புத்தாளில் மெதுவாக நான்கைந்து முறை இழுத்தால் பழுப்புத் தோல் தேய்ந்து உள்ளே வெளிர் நிறம் தெரியும். தெரிந்ததும் நிறுத்துங்கள். ஆழமாகத் தேய்த்தால் பருப்பு காயப்பட்டு அழுகும். நகவெட்டியால் நுனியைக் கிள்ளுவதும் இதே பலனைத் தரும், கை பழக வேண்டும்.

விதை நிறைய இருந்தால் சுடுநீர் முறை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கச் சில நிமிடம் பொறுத்து, விதையைப் போட்டு அப்படியே மூடி இரவு முழுவதும் விடுங்கள். அடுப்பின் மேல் இருக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும்.

உரசிய விதையையும் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். ஆனால் சாதாரணத் தண்ணீரில். காலையில் பார்த்தால் சில விதைகள் இரு மடங்கு உப்பியிருக்கும், சில அப்படியே கல்லாக இருக்கும். உப்பியவற்றை அன்றே விதையுங்கள், காய விடக் கூடாது. கல்லாக இருப்பவற்றை மறுபடியும் உரசுங்கள் அல்லது சுடுநீரில் போடுங்கள். இரண்டையும் கலந்து விதைத்துவிட்டு “பாதிதான் முளைத்தது, விதை சரியில்லை” என்று குறை சொல்லுவது வழக்கமாக நடக்கிறது.

5. பையில் விதைப்பதா, நேரடியாக விதைப்பதா

இடம் கைவசம் இருந்து, ஆடு மாடு நடமாட்டம் இல்லையென்றால் நேரடி விதைப்புக்குத்தான் என் ஓட்டு. புரட்டாசிக் கடைசியில் முதல் நல்ல மழை மண்ணை நனைத்ததும், நடும் இடத்திலேயே ஒரு குழிக்கு மூன்று விதை, அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். வேர் எந்தத் தடையும் இல்லாமல் நேராக இறங்கும். அந்தச் செடி பைச் செடியைவிடத் தாமதமாகத் தொடங்கினாலும் கோடையில் வாடாமல் நிற்கும். முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் அசையும்.

கண்காணிக்க முடியாத இடம், கோழிகள் கிளறும் இடம் என்றால் பையில் வளர்த்து நடுவதே நல்லது. அதற்கு வேண்டியவை: பத்து அங்குலமாவது ஆழமுள்ள நாற்றுப் பை, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், அரைப் பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். பையின் அகலம் முக்கியமல்ல, ஆழம்தான் முக்கியம். குட்டைப் பையில் ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருண்ட வேர் நட்ட பிறகும் நேராகாது. இரண்டாம் ஆண்டில் நல்ல காற்றுக்குச் செடி அடியோடு சாய்வதற்கு இதுவே காரணமாகிறது.

ஆடி மாதத்தில் விதையுங்கள். பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம். முதல் நாளிலிருந்தே வெயிலில் வைக்கலாம், உச்சி வெயிலுக்கு மட்டும் ஒரு வாரம் தென்னங்கீற்று நிழல் போதும். தோல் திறந்த விதை ஐந்து முதல் பத்து நாளில் தலைகாட்டும். மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர். எப்போதும் ஈரமாக வைத்தால் தண்டின் அடி கறுத்து நாற்று படுத்துவிடும்.

6. நடவு

நாற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகி, ஒரு சாண் உயரம் வந்ததும் நட்டுவிட வேண்டும். புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி நடுவுக்குள் நட்டால் மழை மூன்று மாதம் உங்களுக்காக வேலை செய்யும். “இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்” என்று தை வரை பையிலேயே வைத்திருப்பவர்கள்தான் சித்திரையில் குடத்தோடு அலைகிறார்கள்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அவ்வளவே. தோண்டிய அதே மண்ணைக் கட்டி உடைத்து நிரப்புங்கள். அடியில் கூடை கூடையாக எருவைக் கொட்டினால் அங்கே ஈரம் தங்கி, வேர் அந்த இடத்தைவிட்டு நகராமல் சோம்பிப்போகும். ஒரு செடிக்கு இரண்டு கை மக்கிய எரு மேல்மண்ணில் கலந்தால் போதும்.

பையை உருவி எடுக்காதீர்கள். பக்கவாட்டில் பிளேடால் கீறி, அடிப்பகுதியை வெட்டி நீக்கி, குழிக்குள் வைத்த பிறகு பாலிதீனை விலக்குங்கள். மண்பந்து உடையாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். பையில் இருந்த மண்மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்கட்டும். தண்டைப் புதைத்தால் அழுகும்.

வேலியாக வேண்டுமானால் மூன்று அடிக்கு ஒன்று, தனிப் புதராக வேண்டுமானால் ஆறடி இடைவெளி. இளஞ்செடி சிறியதாகத் தெரிவதால் நெருக்கி நடத் தோன்றும். முழுச் செடி ஆள் உயரத்துக்கும் மேலே போகும், அதே அளவு பரவும்.

7. முதல் ஆண்டுத் தண்ணீர்

நட்ட அன்று ஒரு குடம். பிறகு மழை இல்லாத நாட்களில் மட்டும், முதல் மாதம் நான்கு நாளைக்கு ஒரு முறை, இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அரைக் குடமாவது நின்று இறங்க வேண்டும். தினமும் ஒரு செம்பு ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனைகிறது, வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால், அப்படி வளர்ந்த செடி காய்ந்திருக்கும்.

மாசியிலிருந்து ஆனி வரை முதல் கோடையில் பத்து நாளைக்கு ஒரு முறை போதும். செடியைச் சுற்றிக் காய்ந்த இலைதழையை மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடலாம். நிறுத்த மனம் வராதவர்கள் செம்பருத்தி வளர்க்கட்டும்.

இன்னொரு தவறான அச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மாலை மங்கியதும் சிற்றிலைகள் மடங்கித் தொங்கும். அது வாட்டம் அல்ல, இரவில் இலைகள் உறங்கும் முறை. காலையில் பார்த்து, வெயில் ஏறுவதற்கு முன்பும் இலை தொங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஈரமான மண்ணில் இலை தொங்கினால் வேர் அழுகுகிறது, இன்னும் ஊற்றுவது அதை முடித்துவைக்கும்.

8. உரம்

தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை அடர்ந்து பூ குறையும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், ஒரு கூடை மக்கிய குப்பை போதும்.

அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் வேர்முண்டுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துத் தரும் என்று நினைத்து ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை வாங்கிக் கலப்பவர்கள் உண்டு. ஆவாரையின் இனத்தில் அந்த வேர்முண்டுகள் உருவாவதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கவாத்துக் கத்தரி வாங்குங்கள், அடுத்த படிக்குத் தேவைப்படும்.

9. கவாத்து

பூ வருவது புதுத் தளிரின் நுனியிலும் அதையொட்டிய இலைக்கக்கங்களிலும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எப்போது வெட்டுவது என்ற குழப்பம் வராது. பூக்கொத்து கிளம்பும் நேரத்தில் நுனியை வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள். பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரம்பூ வேண்டும் என்று வளர்ப்பவர்கள் கார்த்திகையிலும் மார்கழியிலும் கத்தரியைத் தொடக் கூடாது.

முதல் வெட்டு இளமையிலேயே. செடி ஒன்றரை அடி தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாமல் விட்டால் ஒரே குச்சியாக ஏறி, உச்சியில் மட்டும் பூத்து, அடியில் மொட்டையாக நிற்கும். கிளைத்த கிளைகள் ஒரு முழம் ஆனதும் அவற்றையும் ஒரு முறை கிள்ளலாம்.

பூக்கும் வயது வந்த பிறகு ஆண்டுக்கு ஒரு கவாத்து. பூத்து ஓய்ந்து காய் முற்றியதும், வெயில் தணிந்து முதல் மழை விழும் சமயத்தில் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். கடும் கோடையில் வெட்டினால் புதுத்தளிர் வெந்துபோகும்.

பழைய செடி அடியில் கட்டையாகி மேலே மட்டும் பச்சை தெரிந்தால், மழைத் தொடக்கத்தில் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு முழுவதையும் வெட்டிவிடலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கட்டையிலிருந்து தாராளமாகத் தளிர்க்கும். தோல் பதனிடப் பட்டை உரித்த காலத்தில் இப்படித்தான் அறுவடை செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பூ இருக்காது என்பதால் வேலியின் எல்லாச் செடிகளையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், ஒன்று விட்டு ஒன்றாகச் செய்யுங்கள். வெட்டிய தழை நல்ல பசுந்தாள் உரம், வேறு செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம்.

10. பூச்சிகள்: எதை விடுவது, எதைத் துரத்துவது

மழைக்குப் பின் ஒரு நாள் காலையில் பச்சைப் புழுக்கள் இலைகளைக் கொறித்துக்கொண்டிருக்கும். வெளிர்பச்சை கலந்த வெள்ளையாகவும் மஞ்சளாகவும் தோட்டத்தில் வேகமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் அவை. விட்டுவிடுங்கள். வளர்ந்த செடி சில வாரங்களில் மறுபடி தழைத்துவிடும். ஒரு முழத்துக்கும் குறைவான நாற்றில் மட்டும் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள்.

மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் அது வேறு கதை. அநேகமாக நிழலும் அதிக உரமும்தான் அவற்றை அழைத்திருக்கும். பாதிக்கப்பட்ட நுனியை வெட்டி எறிந்து, மீதியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். குறையவில்லையென்றால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். காலையில் தெளிக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். கரிய பெரிய மரத்துளைப்பான் வண்டுத்தேனீக்கள் காலையில் வந்து பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தால் உதறித்தான் அதை எடுக்கின்றன. அவற்றை விரட்டிவிட்டால் பூ பூக்கும், காய் பிடிக்காது. மாடியில் வளர்ப்பவர்கள் “பூக்கிறது, காய்க்கவில்லை” என்று சொல்வது பல சமயம் இதனால்தான்.

11. தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

முடியும், ஆனால் தரையில் வளர்வதுபோல் எதிர்பார்க்காதீர்கள். அகலத்தைவிட ஆழம் மிகுந்த பாத்திரம் தேவை. ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழம், அடியில் ஐந்தாறு ஓட்டை. பழைய பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டியது மிகப் பொருத்தம். சின்னத் தொட்டியில் தொடங்கிப் பெரிதுக்கு மாற்றும் வழக்கம் இங்கே உதவாது, விதையை நேரடியாகப் பெரிய தொட்டியிலேயே போடுங்கள்.

மண் கலவையில் மணலைக் கூட்டி, தென்னை நார்க்கழிவை விலக்குங்கள். ஈரத்தைப் பிடித்துவைப்பது நார்க்கழிவின் குணம், இந்தச் செடிக்கு அது வேண்டாத குணம். அடியில் தட்டு வைக்காதீர்கள்.

12. பூப் பறிப்பும் தானாக முளைப்பவையும்

விதையிலிருந்து வந்த செடி பெரும்பாலும் இரண்டாவது மழைக்குப் பிறகுதான் நன்றாகப் பூக்கும். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் பறியுங்கள். ஈரத்தோடு பறித்த பூ கறுக்கும். வெள்ளைத்துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் புட்டியில் அடையுங்கள். மருந்து தெளித்த செடியிலும், வண்டிப்புகை படியும் சாலையோரச் செடியிலும் குடிப்பதற்குப் பூ எடுக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினசரி ஆவாரம்பூக் குடிநீரைத் தொடங்கக் கூடாது.

ஒவ்வொரு கிளையிலும் கால் பங்கு பூவையாவது விட்டுவையுங்கள். காய் முற்றி விதை கீழே விழும். அடுத்த மழையிலோ அதற்கடுத்த மழையிலோ செடியைச் சுற்றி நாற்றுகள் தலைகாட்டும். அவற்றை வேறிடத்துக்கு மாற்ற நினைத்தால் வித்திலைகளுக்குப் பிறகு வரும் முதல் உண்மையிலை இரண்டு விரிந்திருக்கும்போதே, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து எடுங்கள். நான்காவது இலை வந்துவிட்டால் விட்டுவிடுங்கள், அல்லது தரைமட்டத்தில் வெட்டிவிடுங்கள்.